பின்னறைக் கொடி

இஞ்ஞாசிமுத்துவின் வீட்டில் மட்டும் துணி வெயிலைப் பார்ப்பதில்லை.

விஸ்வநத்தத்தில் வெயிலுக்குப் பஞ்சமா? மழை எட்டிப் பார்க்காத பூமி, காற்றில் பொட்டு ஈரம் கிடையாது என்றுதான் பட்டாசுத் தொழிலே இந்த வட்டாரத்தில் வந்து உட்கார்ந்தது. காலையில் பிழிந்து போட்ட வேட்டி, கஞ்சியைக் குடித்துவிட்டு வருவதற்குள் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். அப்படிப்பட்ட ஊரில், 2006-ஆம் வருடத்துப் பங்குனி மாதத்தில், அவருடைய பின்னறையில் சன்னலைச் சாத்தி, சுவருக்குச் சுவர் நைலான் கயிறு கட்டி, கிழித்த சேலைத் துண்டுகளும் பழைய வேட்டித் துண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டு நாளானாலும் காய்ந்தும் காயாமலும் இருக்கும். ஒரு புளித்த வாடை அந்த அறையைவிட்டுப் போகவே போகாது. காலையும் மாலையும் சாம்பிராணி போட்டு அதை அமுக்கி வைத்திருந்தார்.

அவை மிக்கேலம்மாளின் துணிகள். கார்த்திகையில் ஒரு விடியற்காலை அடுப்படியில் விழுந்தவள். வலப்பக்கம் முழுவதும் போயிற்று, பேச்சும் போயிற்று. மதுரைக்குக் கொண்டுபோய் இருபது நாள் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து நடு அறைக் கட்டில்தான் அவளுக்கு உலகம். எல்லாம் படுக்கையில்தான். துடைப்பது, கழுவுவது, அலசுவது, ஊட்டுவது அத்தனையும் இஞ்ஞாசிமுத்து.

ஊருக்கு அது தெரியாது. விருதுநகரிலிருந்து ஒரு பொம்பளை வந்து பார்த்துவிட்டுப் போகிறாள் என்று சொல்லி வைத்திருந்தார். எந்த பஸ்ஸில் வருகிறாள், எப்போது போகிறாள் என்று யாரும் கேட்டதில்லை. அவரிடம் அப்படிக் கேட்கிற துணிச்சல் அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது. பங்குச் சாமியார் மட்டும் ஒருமுறை, மாதத்து முதல் வெள்ளிக்கிழமை மிக்கேலம்மாளுக்கு நன்மை என்கிற நற்கருணை அப்பம் கொடுக்க வந்தபோது, மடத்துக் கன்னியாஸ்திரிகளில் இரண்டு பேரை அனுப்பட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். ஆள் இருக்கிறது சாமி, என்று இஞ்ஞாசிமுத்து சொல்லிவிட்டார். சொல்லும்போது பின்னறைக் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

முப்பத்தொரு வருடம் ஒரே கம்பெனியில், காயவைக்கிற களத்துக்குப் போர்மேனாக இருந்தவர். திரி செருகிய வெடிகளையும் மருந்து தோய்த்த கம்பி மத்தாப்புகளையும் வெயிலில் பரப்பி எடுக்கிற இடம். ஈரம் நின்றால் வெடி பிசுபிசுத்துப் போகும். அதைவிட மோசம், ஈரத்தோடு கட்டி வைத்த சரக்கு உள்ளுக்குள்ளேயே சூடேறித் தீப்பிடிக்கவும் செய்யும். ஆகவே களத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். சரக்கை எடுத்துக் கன்னத்தில் ஒட்டிப் பார்ப்பார். கைக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரிந்துவிடும். கொஞ்சம் குளிர்ச்சி தட்டினாலும் போதும், அந்தத் தட்டு முழுவதும் மறுபடி வெயிலுக்குப் போகும். காயப்போட்ட ஆளும் கூடவே வெயிலில் நிற்க வேண்டும். அவர் இருந்த காலத்தில் அந்தக் களத்தில் ஒரு விபத்து நடந்ததில்லை. அந்தப் பெயரும், கோயில் கட்டுவதற்கு அவருடைய அப்பா இடம் கொடுத்த பெயரும் சேர்ந்துதான் அவர் முதுகை அறுபத்தொன்பது வயதிலும் வளையாமல் வைத்திருந்தன.

களத்தில் அப்படி ஒரு மணி நேரம் வெயிலில் நின்றவர்களில் சோலையம்மாளும் ஒருத்தி. மல்லாங்கிணறு பக்கம் காட்டுவேலை செய்து, மழை பொய்த்ததால் பிழைப்புத் தேடி வந்த குடும்பம். அந்தச் சோலையம்மாளின் மகன் முனியராஜ் லாரியில் பட்டாசு லோடு ஏற்றிப் போகிறவன். அவனோடுதான் இஞ்ஞாசிமுத்துவின் ஒரே மகள் பிலோமினாள் ஏழு வருடத்துக்கு முன்னால் வீட்டைவிட்டுப் போனாள்.

போன அன்றைக்குச் சாயங்காலமே அவர் பங்குப் பெரியவர்களை வீட்டுக்கு வரவழைத்தார். சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார். வெளிவாசலின் கருங்கல் படியைக் காட்டி, “அவ கால் இந்தப் படியில படக்கூடாது. பட்டா, இந்த வீட்டுல இஞ்ஞாசிமுத்து இல்லன்னு அர்த்தம்” என்றார். மிக்கேலம்மாள் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் முதல் பூசைக்குப் போய் இரண்டாம் பூசை முடிகிற நேரத்துக்குத் திரும்பி வரலானாள். இவர்கள் வீட்டிலிருந்து பிலோமினாள் வாழ்கிற கிழக்குத் தெரு எட்டி வைத்தால் நானூறு எட்டு. அவள் எங்கே போய் வருகிறாள் என்று அவருக்குத் தெரியும். தெரியாதவர் மாதிரி இருந்தார். ஏழு வருடத்தில் அவர் இறங்கி வந்தது அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவசுகாலம் தொடங்கியபோது புண் வந்தது.

முதலில் இடுப்புக்குக் கீழே ஒரு சிவப்பு. வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டார். பத்து நாளில் தோல் உரிந்தது. இன்னும் பத்து நாளில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழுந்துவிட்டது. வேறு வழியில்லாமல் கம்பவுண்டர் லட்சுமிகாந்தத்தைக் கூப்பிட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீடு வீடாகப் போய்க் கட்டுப் போடுகிறவர். வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவர் என்பதால்தான் அவரைக் கூப்பிட்டது. லட்சுமிகாந்தம் புண்ணைப் பார்த்தார். விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

“அண்ணாச்சி, துணியெல்லாம் எங்கன காயுது?”

“காயுது.”

“எங்கனன்னு கேட்டேன்.”

இஞ்ஞாசிமுத்து விரிப்பின் நுனியை இழுத்துச் சரிசெய்தார். கம்பவுண்டர் வற்புறுத்தவில்லை. கட்டைப் போட்டுக்கொண்டே, இது ஈரம் தின்ற புண் என்று சொன்னார். வெயில் பட்ட துணிதான் போட வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஆளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், அதற்கு இன்னொரு ஜோடிக் கை கட்டாயம் வேண்டும், தனி ஆளாக இழுத்து இழுத்துத் திருப்பினால் தோல் இன்னும் கிழியும் என்றார். எலும்புக்கு இறங்கிவிட்டால் காய்ச்சல் வரும், அதற்குமேல் தன் கையில் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். போகிறபோது வாசலில் நின்று, எவ்வளவு சீக்கிரம் ஆள் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது என்று இன்னொருமுறை சொன்னார்.

ஈரம் என்று தன்னிடம் ஒருவன் சொல்லிவிட்டுப் போகிறான். இஞ்ஞாசிமுத்து பின்னறைக்குள் போய் நின்றார். கொடியில் கிடந்த துணியைக் கையால் தொட்டார். காய்ந்த மாதிரிதான் இருந்தது. கன்னத்தில் வைத்துப் பார்க்க முகம் வரையில் கொண்டுபோனார். வைக்கவில்லை. வைத்தால் தெரிந்துவிடும்.

மறுநாள் ஒரு கரி இஸ்திரிப்பெட்டியை வாங்கி வந்தார். துணிகளை ஒவ்வொன்றாக விரித்துத் தேய்த்தார். ஆவி புஸ்ஸென்று எழும்பும். காய்ந்துவிட்டது என்று மடித்து வைப்பார். ஆனால் ஒரு நாளைக்குப் பதினாறு, பதினேழு துணி. தேய்த்து முடிப்பதற்குள் முதலில் போட்டது நனைந்துவிடும். தோள்பட்டை இற்று விழும். இதற்கிடையில் சோறு வடிக்க வேண்டும், குழைத்து ஊட்ட வேண்டும், மாத்திரையைப் பொடித்துக் கரைக்க வேண்டும். பின்னறைக் கயிற்றை அவிழ்த்து வெளிவாசலில் கட்டினால் போதும், அரை மணி நேரத்தில் எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். அது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வாசலிலோ, அடுத்த வீட்டுக் கண் படுகிற கொல்லையிலோ நாள்தோறும் பதினேழு துண்டுத் துணி தொங்கினால், அதை அலசிக் காயப்போடுகிறவர் யார் என்று தெரு ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும். போர்மேன் இஞ்ஞாசிமுத்து பொண்டாட்டியின் மூத்திரத் துணி அலசுகிறான் என்று டீக்கடையில் பேசுவார்கள். பெற்ற மகள் நானூறு எட்டில் இருந்தும் வரவில்லை என்று அதற்கடுத்த பேச்சு. அந்த இரண்டாவது பேச்சைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இரவும் பகலும் மிக்கேலம்மாள் கண் திறந்தே கிடந்தாள். திருப்பிப் போடும்போது தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். அழுகையும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் ‘ம்ம்ம்’ என்று ஒரே இழுப்பு. மற்ற நேரத்தில் அவள் பார்வை வெளிவாசல் பக்கமே இருக்கும். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொள்வார்.

பெரிய வாரம் தொடங்குகிற குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள், மருந்துக் கடைக்குப் போய்த் திரும்புகையில், குடிதண்ணீர்த் தொட்டியருகே சோலையம்மாள் வழிமறித்தாள். இடுப்பில் குடம். ஏழு வருடமாக இரண்டு பேரும் ஒரே தெருவில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு ஓரமாகப் போகிறவர்கள்.

“போர்மேன், ஒரு சொல்லு.”

அவர் நிற்கவில்லை. அவள் குடத்தோடு கூடவே நடந்தாள்.

“எங்க வீட்டுல அவ அளுறா. ராத்திரி சோறு எறங்கல அவளுக்கு. நீங்க ஒரு வார்த்த சொன்னா ஓடி வந்துருவா. சொல்லாம வந்தா நீங்க தொரத்துவீக, அதைப் பாத்து ஆத்தா உசுரு போயிருமோன்னு பயப்படுதா.”

“எங்க வீட்டுக்கு ஆள் வருது.”

“விருதுநகர்ப் பொம்பளையா?” சோலையம்மாள் சிரித்தாள். “அந்தப் பொம்பளைய எனக்குத் தெரியும். வெள்ள வேட்டி கட்டியிருப்பா. மீச கூட உண்டு.”

அவர் நின்றுவிட்டார். அவள் ஓரடி கிட்டே வந்தாள். சிரிப்பு போய்விட்டது.

“ஈரச் சரக்குன்னு என்னைய ஒரு மணி நேரம் வெயில்ல நிறுத்துனீக. அன்னைக்கு என் உச்சந்தலை கொதிச்சது இன்னும் நெனப்புல இருக்கு. இன்னைக்கு உங்க வேட்டியில அடிக்கிற வாட என்ன வாடன்னு நான் சொல்லணுமா? களத்துல இருந்தவ நான். அந்த அம்மா என்ன தப்பு செஞ்சாக, அவுகளுக்கு ஏன் நெழல்ல காஞ்ச துணி?”

வழி விடு, என்று மட்டும் சொன்னார். அவள் விட்டுவிட்டாள்.

பெரிய வியாழன் வந்தது.

அன்று மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதத்தைக் கழுவுவார். ஆண்டவர் தம்முடைய சீடர்களுக்குச் செய்ததை நினைத்து நடக்கிற சடங்கு. பன்னிரண்டு நாற்காலியில் முதல் நாற்காலி இஞ்ஞாசிமுத்து குடும்பத்துக்கு. அப்பா உட்கார்ந்தார், அவர் காலத்துக்குப் பிறகு இவர். ஊரில் இதற்கொரு வழக்கம் உண்டு. சாமியார் கழுவப்போகிற காலை யாரும் அழுக்காகக் கொண்டுபோவதில்லை. பன்னிரண்டு பேரும் அவரவர் வீட்டில் செங்கல் துண்டும் சோப்புமாக உட்கார்ந்து, குதிகால் வெடிப்பையெல்லாம் தேய்த்து, நகம் வெட்டி, பளிச்சென்றுதான் வருவார்கள். சாமியார் கையில் அழுக்கு ஒட்டினால் குடும்பத்துக்கே கேவலம்.

சாயங்காலம் நாலரை மணிக்கு இஞ்ஞாசிமுத்து கொல்லையில் தேய்க்க உட்கார்ந்தார். குனிந்து உட்கார முடியாது, இடுப்பு ஒத்துக்கொள்ளாது. ஆகவே நடு அறையிலிருந்த பெஞ்சை எடுத்து வந்து போட்டுக்கொண்டார். மிக்கேலம்மாள் உருண்டு விழுந்துவிடாமல் கட்டிலோடு ஒட்டிப் போட்டிருந்த பெஞ்சு அது. பத்து நிமிட வேலைதானே என்று நினைத்தார். ஆனால் குதிகால் வெடிப்பில் கரி ஏறியிருந்தது. இஸ்திரிப்பெட்டிக் கரி. தேய்க்கத் தேய்க்கப் போகவில்லை. உள்ளே ‘ம்ம்ம்’ என்று சத்தம் கேட்டது. நனைத்துவிட்டாள் போலிருக்கிறது, என்று புரிந்தது. இந்தக் காலை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தார். மறுபடி கேட்டது. ஐந்தரைக்கு முதல் மணி அடித்துவிட்டது. போய்ப் பார்த்தால் துணி மாற்ற வேண்டும், கை நாறும், மறுபடி குளிக்க வேண்டும். ஒன்றரை மணி நேரந்தான், வந்து மாற்றிக்கொள்ளலாம், என்று புது வேட்டியை உடுத்திக்கொண்டு வெளிவாசலைப் பூட்டிவிட்டுப் போனார். பெஞ்சு கொல்லையிலேயே கிடந்தது.

கோயிலில் சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் காலடியில் மண்டியிட்டார். காலுக்கு அடியில் கிண்ணத்தை வைத்துத் தண்ணீர் ஊற்றினார். இஞ்ஞாசிமுத்து குனிந்து பார்த்தார். அவர் காலில் விழுந்த தண்ணீர், விழுந்த மாதிரியே தெளிவாகக் கிடந்தது. சாமியார் அடுத்த ஆளுக்கு நகர்ந்தார். இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள், கடைசி ஆள் வரைக்கும் போய்விட்டு வந்தபோதும் அந்தத் தண்ணீரில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை அவர் தண்ணீர் மாற்றுகிறார், அது என்ன நிறத்தில் இருக்கும் என்று திடீரென்று நினைப்பு வந்தது. பெஞ்சு நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. எழுந்து போயிருக்கலாம். முதல் நாற்காலியிலிருந்து பூசை நடுவில் ஒருவன் எழுந்து போனால் கோயிலே திரும்பிப் பார்க்கும். உட்கார்ந்திருந்தார். பாதம் கழுவிய ஆட்களுக்கு ஆளுக்கொரு புதுத் துண்டு கொடுத்தார்கள். அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, பூசை முடிந்ததும் யாருக்கும் முகங்கொடுக்காமல் ஓட்டமும் நடையுமாக வந்து பூட்டைத் திறந்தார்.

மிக்கேலம்மாள் தரையில் கிடந்தாள். முகம் சுவரைப் பார்த்து இருந்தது. செத்த கை உடம்புக்கு அடியில் மாட்டியிருந்தது. புண்ணுக்குப் போட்ட கட்டு அவிழ்ந்து, சேலையெல்லாம் ஈரமும் இரத்தமும். நல்ல கையால் கட்டில் காலைப் பிடித்திருந்தாள். நனைந்த இடத்தைவிட்டுத் தள்ளிப் போகப் பார்த்திருக்கிறாள்.

அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினார். அசையவில்லை. காலைப் பிடித்துப் பார்த்தார், சுற்றி வந்து இடுப்பைப் பிடித்தார். முதுகில் சுளீரென்று ஏதோ பிடித்துக்கொண்டது. அவளுக்குப் பக்கத்திலேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் கீழே கிடந்த விரிப்பை எடுத்தார், காலையில் தேய்த்து மடித்தது. கன்னத்தில் வைத்தார். குளிர்ந்தது. நனைந்த பக்கம் இல்லை அது, நனையாத பக்கம். மடிப்புக்குள் பழைய ஈரம் அப்படியே இருந்தது. களத்தில் இப்படி ஒரு தட்டு வந்திருந்தால் காயப்போட்டவனை என்ன செய்திருப்பார்?

“ஆண்டவரே” என்றார். அதற்குமேல் செபம் வரவில்லை.

வாசலுக்கு வந்தார். பூசை முடிந்து சனம் தெருவில் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட்டால் பத்துப் பேர் வருவார்கள். ஆனால் அவர் யாரையும் கூப்பிடவில்லை. கறை பட்ட புது வேட்டியோடு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கிழக்குத் தெருவைப் பார்த்து நடந்தார். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். சிலருக்கு மூக்கில் கை போயிற்று. நானூறு எட்டு அன்றைக்கு முடியவே முடியாதது போலிருந்தது.

சோலையம்மாள் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முனியராஜ் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான். பிலோமினாள் கோயிலிலிருந்து அப்போதுதான் வந்து, முக்காட்டை எடுக்காமல் நிலையருகே நின்றாள். மகள் பெயரை அவர் வாய் ஏழு வருடமாகச் சொன்னதில்லை. இப்போதும் வரவில்லை.

“தூக்க முடியல” என்றார். “கீழ விழுந்துட்டா. என்னால தூக்க முடியல.”

சோலையம்மாள் அவர் வேட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். சாப்பிட்ட தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தாள்.

மூன்று பேரும் வேகமாக நடந்து வந்தார்கள். அவர் முன்னால் போய்க் கதவைத் தள்ளினார். திரும்பிப் பார்த்தால் பிலோமினாள் கருங்கல் படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து ‘ம்ம்ம்’ சத்தம் கேட்டது. அவள் எட்டி உள்ளே பார்த்தாள். காலை மட்டும் எடுத்து வைக்கவில்லை.

“அப்பா, படியில கால் வைக்கட்டுமா?”

தெருவில் ஆட்கள் நின்றிருந்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றிய அன்றைக்கு இருந்த பெரியவர்களில் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள்.

“வை” என்றார்.

அவள் அவரைத் தாண்டி உள்ளே ஓடினாள். பின்னால் வந்த சோலையம்மாள், “அப்பனும் மகளும் அளுகுறத பொறவு வச்சிக்கிடலாம், மொதல்ல ஆளத் தூக்குவோம்” என்றாள். உள்ளே போனதும் அவள்தான் போர்மேன். கெட்டியான சமுக்காளம் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். களத்தில் சரக்குத் தட்டுக்கு அடியில் சாக்கைச் செருகுகிற மாதிரி, நோயாளியை ஒருச்சாய்த்து அடியில் செருகினாள். அவரைத் தலைமாட்டுக்கும் மகளைக் கால்மாட்டுக்கும் நிறுத்தினாள். “இழுக்கக்கூடாது போர்மேன். நேரா மேல தூக்கணும். நான் சொல்லும்போது” என்றாள். அவர் சரி என்றார். அவள் சொன்னபோது தூக்கினார்கள். மிக்கேலம்மாள் கட்டிலுக்கு வந்துவிட்டாள். மகளைப் பார்த்த கண்ணை அவள் எடுக்கவேயில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணி, நல்ல கை முக்காட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டது.

உடம்பைக் கழுவித் துடைக்கும்போது பிலோமினாள் கால்மாட்டிலிருந்து தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள்.

“அப்பா, அம்மா காலப் பாத்தீகளா?”

அவர் போய்ப் பார்த்தார். இரண்டு குதிகாலும் கறுத்திருந்தன. நடுவில் எட்டணா அகலத்துக்குத் தோல் கழன்று, தொட்டால் வழிந்துவிடும் போல இருந்தது. ஐந்து மாதமாக அவர் முழங்காலுக்குக் கீழே பார்த்ததே இல்லை. நனைகிற இடத்தைத் துடைப்பார், மாற்றுவார், காலைப் போர்வையால் ஒழுங்காக மூடிவிடுவார். அந்த மூடலுக்குள்ளே இது நடந்திருக்கிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் அவர் செங்கல்லால் எந்தக் குதிகாலைத் தேய்த்தார் என்று நினைத்தார்.

சோலையம்மாள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள்.

“குடுங்க” என்றார் அவர்.

அவளை அவர் மரியாதை கொடுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் கொடுத்தாள். இடுப்பு வலியோடு மெல்ல மெல்லத் தரையில் இறங்கி, முழங்காலைப் போட்டு உட்கார்ந்து, அந்த இரண்டு காலையும் கழுவினார். தண்ணீர் உடனே கலங்கிவிட்டது. துடைக்கத் துணி வேண்டும் என்றார். பிலோமினாள் பின்னறைக்குள் போய், கொடியில் ஒவ்வொரு துணியாகத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் எடுக்காமல் திரும்பி வந்தாள். அவருக்குத் தோளில் கிடந்த கோயில் துண்டு ஞாபகம் வந்தது. எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. அந்த வீட்டில் இருந்த ஒரே காய்ந்த துணி அதுதான்.

மறுநாள் பெரிய வெள்ளி, ஆண்டவர் சிலுவையில் இறந்த நாள். விடிந்ததும் லட்சுமிகாந்தம் வந்தார். குதிகாலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். காய்ச்சல் நூற்றிரண்டு இருந்தது. ஊசி போட்டார். பிழைப்பாளா என்று பிலோமினாள் கேட்டதற்கு அவர் அவளுக்குப் பதில் சொல்லாமல் அப்பனைப் பார்த்தார்.

“ஒன்னும் சொல்ல முடியாது அண்ணாச்சி. சாமியக் கும்பிடுங்க. துணிய வெயில்ல போடுங்க.”

இஞ்ஞாசிமுத்து பின்னறைக் கயிற்றை அவிழ்த்தார். முன்பக்கச் சன்னல் கம்பியிலிருந்து தெருவின் எதிர்ப்புறத்து வேப்பமரம் வரைக்கும் இழுத்துக் கட்டினார். அண்டாவில் வேகவைத்து அலசிய துணிகளைப் பிழிந்து, உதறி, ஒவ்வொன்றாக அவரே போட்டார். இருபத்திரண்டு துண்டு. கறை போகாதவை பாதி. மகள் வாங்கப் பார்த்தாள், கொடுக்கவில்லை. தண்ணீருக்குப் போன பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். டீக்கடைப் பக்கம் யாரோ எதையோ சொல்ல, யாரோ சிரித்தார்கள். முதுகு எரிந்தது. அவர் திரும்பவில்லை.

ஒன்பதே முக்காலுக்குக் கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்பிள்ளை தங்கச்சாமி வேர்த்து விறுவிறுத்து வந்தான். சிலுவைப்பாதை ஊர்வலம் கோயிலைவிட்டுப் புறப்பட்டுவிட்டது, இந்தத் தெரு வழியாகத்தான் வருகிறது, வருடந்தோறும் பெரிய சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிற மாமா இன்னும் வராமல் இருந்தால் எப்படி என்று கேட்டான். கேட்டுக்கொண்டே கயிற்றைப் பார்த்தான்.

“மாமா, இதையும் ஒரு அரை மணி நேரம் எடுத்துருவோமா? சாமியார் வாராரு. சனமெல்லாம் வருது.”

இஞ்ஞாசிமுத்து ஒரு துணியின் மடிப்பைப் பிரித்துக் கன்னத்தில் ஒட்டினார். தங்கச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இன்னும் காயல” என்றார். “சிலுவைக்கு இந்த வருசம் வேற ஆளப் பாருலே.”

தெருக்கோடியில் பாட்டுச் சத்தம் கேட்டது. முன்னால் வந்தவர்கள் கயிற்றருகே வந்து தயங்கினார்கள். பிறகு தலையைக் குனிந்து துணிக்கு அடியில் நுழைந்து போகத் தொடங்கினார்கள். உள்ளேயிருந்து மிக்கேலம்மாளின் சத்தம் வந்தது. நேற்றைவிட மெலிந்திருந்தது. இஞ்ஞாசிமுத்து நடு அறைக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். பத்து மணி. திருப்பிப் போட வேண்டிய நேரம். காய்ந்து முடிந்திருந்த இரண்டு துணியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டி உள்ளே போனார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் பிலோமினாள் சமுக்காளத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றாள்.